மாமனார் கட்டிலில் புகையிலைத் தண்ணீர்

அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால், அந்தக் காலத்துக் கயிற்றுக் கட்டிலில் ஒரு ராத்திரி படுத்திருக்கிறீர்களா என்று கேட்பேன். படுத்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். மூட்டைப்பூச்சி இல்லாத இடமே கிடையாது. சினிமாக் கொட்டகை பெஞ்சில் இருந்தது, பஸ் சீட்டில் இருந்தது, சட்டைக் காலரில் ஏறிக்கொண்டு டிக்கெட் வாங்காமல் ஊர் ஊராகப் போய்வந்தது. பழனிக்குப் போனவர்கள் பஞ்சாமிர்தத்தோடு நாலு மூட்டைப்பூச்சியையும் பிரசாதமாகக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் அப்பா பேகம்பூர்ப் பக்கம் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் இலை தரம் பிரிக்கிற வேலை பார்த்தார். காலையில் வெள்ளை வேட்டியோடு போகிறவர் சாயங்காலம் காபித்தூள் நிற வேட்டியோடு வருவார். அவர் வாசலில் கால் வைத்தாலே நாங்கள் வரிசையாகத் தும்முவோம். அந்த வேட்டியை அலசிய தண்ணீரைக்கூட அம்மா சும்மா கொட்டமாட்டாள். அவரைக் கொடியில் அசுவினிப் பூச்சி பிடித்த கொழுந்துகளில் தெளித்துவிடுவாள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை, கிட்டங்கியில் கழித்துப்போட்ட காம்பையும் தூளையும் அப்பா ஒரு சாக்கில் கொண்டுவருவார். கொல்லையில் ஒரு பழைய மண்பானையில் அது கொதிக்கும். கஷாயம் கறுத்து இறங்கியதும், கட்டிலின் மூலை முடுக்கு, கயிறு, மரச் சந்து என்று ஓர் இடம் விடாமல் ஊற்றுவார். பிறகு கட்டில் மூன்று நாள் வெயிலில் கிடக்கும். நாலாம் நாள் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, மறுபடி காயவைத்துத்தான் உள்ளே வரும். அந்த மூன்று நாளும் நாங்கள் கட்டில் பக்கம் போனால் அப்பா கை ஓங்குவார். யாரையும் அடிக்காத மனுஷர் அவர்.

"மழைல நனைஞ்ச இலைக்கட்டத் தோள்ல தூக்குன ஆளுக, வாந்தி எடுத்துச் சுருண்டு விழுகிறத நான் பாத்திருக்கேன். இந்த விஷம் வாய் வழியாத்தான் போகணும்னு இல்ல. ஈரமா இருந்தா தோல் வழியாவும் போயிரும்" என்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆனது. சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். கத்தரிக்காய், சின்ன வெங்காயம், கிணற்றைச் சுற்றி இருபது தென்னை. வீட்டில் மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான். ஆள் நாலு, கட்டில் நாலு. போன முதல் நாளே படுக்கிற அறைச் சுவரில், சுண்ணாம்பின் மேல் விரல் விரலாகப் பழுப்புக் கோடுகளைப் பார்த்தேன். கல்யாண வீட்டுக்காக ஏதோ குங்குமக் கோலம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். விளக்கை அணைத்துப் பத்து நிமிஷத்தில் விஷயம் விளங்கிவிட்டது. அது நசுக்கிய மூட்டைப்பூச்சியின் ரத்தம். அதாவது என் புகுந்த வீட்டாரின் ரத்தம்.

மலேரியாவுக்கு மருந்து அடிக்கிறவர்கள் வந்து போன தேதி அதே சுவரில் எழுதியிருந்தது. கொசு குறைந்தது என்று சொன்னார்கள். மூட்டைப்பூச்சிகள் அந்தத் தேதிக்குக் கீழேயே குடியிருந்தன.

என் மாமியாருக்கு வாயும் பெரிது, மனசும் பெரிது. மூட்டைப்பூச்சிக்கு அவர் செய்கிற வைத்தியம், உச்சி வெயிலில் கட்டிலைத் தூக்கித் தரையில் நாலு மொத்து மொத்துவது, உதிர்வதையெல்லாம் காலால் தேய்ப்பது, சந்துகளில் வெந்நீர் ஊற்றுவது. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் செத்தவர்களின் சொந்தபந்தம் எல்லாம் துக்கம் விசாரிக்க வந்துவிடும்.

"எங்க வீட்ல ஒண்ணுகூடக் கிடையாது அத்தை" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"டவுன்ல பூச்சிக்குக்கூடப் பவுசு போல. உங்க வீட்டத் தேடி வரலையாக்கும்" என்றார். பிறகு, "பூச்சி இல்லாத வீட்ல மனுசரு இல்லைன்னு அர்த்தம்டி" என்று ஒரு போடு போட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சின்னதில் ஆரம்பித்தேன். கருப்பட்டிப் பானைக்குச் சித்தெறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. பானையைத் தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில் ஒரு கல்லின் மேல் வைத்தேன். எறும்பு வருகிற வழியில் மஞ்சள்தூளைக் கோடாக இழுத்தேன். அரிசிப் பானையில் காய்ந்த வேப்பிலையும் மிளகாய் வற்றலும் போட்டேன். துவரம்பருப்பில் விளக்கெண்ணெயைக் கையில் தொட்டுப் புரட்டி வைத்தேன். வத்தலக்குண்டு நாட்டுமருந்துக் கடையிலிருந்து வெங்காரம் வாங்கிவரச் சொல்லி, வெல்லத்தோடு பிசைந்து மிளகு மிளகாக உருட்டி, அடுப்பங்கரை இடுக்குகளில் போட்டேன். கரப்பான்கள் மல்லாந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது பாராட்டு.

ஒன்று சொல்ல வேண்டும். அத்தைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. விதைக்கு வைக்கும் துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்தால் வண்டு துளைக்காது என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை என் சேலை முழுக்கச் செம்மண். "விதைக்குப் பூசச் சொன்னா நீயே வெளைஞ்சிருவ போல" என்று சிரித்தார்.

எனக்கு அந்த வீட்டில் நிஜமான மரியாதை வந்தது அத்தையின் தலைமுடியால். அவருக்கு இடுப்பு வரை முடி, முடி நிறையப் பேன். ஒருநாள் சீத்தாப்பழ விதையை இடித்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துக்கொண்டு போனேன். "கண்ணை மட்டும் திறக்காதீங்க அத்தை, இது கண்ணுல பட்டா பார்வைக்கே ஆகாது" என்று சொல்லி, நெற்றியைச் சுற்றித் துணி கட்டித் தேய்த்தேன். வாழ்நாளில் அத்தை அத்தனை நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். தலை அலசி, ஈர்கோலி போட்டு இழுத்ததும் வெள்ளைத் துணியில் விழுந்ததைப் பார்த்து, "இம்புட்டையுமா தலையில வச்சிக்கிட்டுத் திரிஞ்சேன்?" என்றார். அடுத்த வாரம் தெருப் பெண்கள் எல்லாம் தலையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். 'டவுன்காரி' என்று குத்தலாகச் சொன்ன வாய்களே, 'டவுன்காரிகிட்டப் போங்க, கைராசி' என்றன. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இல்லை என்று சொன்னால் பொய்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். நல்லவர், ஆனால் அவர் அம்மாவுக்கு முன்னால் வாய் திறக்கவே மாட்டார். பக்கத்தில் நிலக்கோட்டை, ஊரெல்லாம் மல்லிகை. பூ வாங்கிவருவார் என்று வாசலைப் பார்க்கிற வயசு எனக்கு. அவர் ஓடைக்கரையிலிருந்து நொச்சிக் கொப்பு ஒடித்து வருவார். கொசுவுக்குப் புகை போடத்தான். பூ வந்த மாதிரிதான் நானும் வாங்கி வைத்துக்கொள்வேன். அந்த நொச்சி இலையைக் காயவைத்து, ஒரு துண்டு வசம்போடு என் கல்யாணப் பெட்டிக்குள் பட்டுச்சேலை மடிப்பில் வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்தால் பட்டு வாசம் வராது, மருந்துக் கடை வாசம் வரும்.

மாமனார் மட்டும் எனக்கு எட்டாத மனுஷர். அந்த வீட்டு வழக்கப்படி புது மருமகள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசக்கூடாது. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். சரி, வீட்டில் வேறு ஆள் இல்லை, சோறு ஆறிப்போகிறது, என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். முற்றத்தில் கட்டிக்கிடக்கும் கன்றுக்குட்டியைப் பார்த்து, "சோறு வச்சாச்சு, ஆறுது" என்று சொல்ல வேண்டும். அவர் வேப்பமரத்தைப் பார்த்து, "செத்த நேரத்துல வாரேன்" என்பார். கல்யாணமாகி ஏழு மாதத்தில் அந்தக் கன்றுக்குட்டிக்கு எங்கள் வீட்டுச் சங்கதி எல்லாம் அத்துப்படி.

அவர் நல்ல உயரம், கனத்த உடம்பு. சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. விடிந்ததும் கதவு நிலையில் முதுகை வைத்து எருமை மாதிரி தேய்ப்பார். முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருக்கும். நாலு கட்டிலில் அவர் கட்டில்தான் பூச்சிக்குத் தலைமையிடம். ஒரு நாளும் அவர் வாய்விட்டுக் குறைப்பட்டதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது எனக்கு அவர் மேல் இரக்கமாக இருக்கும். அதனால்தான், அப்பா என்னைப் பார்க்க வந்தபோது ஒரு சாக்குப் புகையிலைக் காம்பு கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அவர் கொடுத்துவிட்டு, மூன்று நாள் வெயில், இரண்டு தடவை அலசல் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் கட்டிலிலிருந்தே தொடங்கினேன். ஒரு புதன்கிழமை சாயங்காலம் காம்பை ஊறவைத்தேன். வியாழக்கிழமை சந்தை. விடியற்காலையில் அத்தையும் என் வீட்டுக்காரரும் கத்தரிக்காய் மூட்டைகளோடு வத்தலக்குண்டு சந்தைக்குப் புறப்பட்டார்கள். முந்தின ராத்திரியே என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன்: "மாமா கட்டிலுக்கு மருந்து ஊத்தப் போறேன். மூணு நாளைக்கு அதுல படுக்க வேணாம்னு மாமாகிட்டச் சொல்லிருங்க. மறந்துராதீங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்றார்.

மாமனார் மாடு கட்டிக் கமலையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கத் தோட்டத்துக்குப் போனதும் கஷாயத்தைக் கொதிக்கவைத்து, கொல்லையில் கட்டிலைப் போட்டு, கயிற்று முடிச்சு ஒவ்வொன்றிலும் ஊற்றினேன். சந்துகளிலிருந்து பூச்சிகள் கொத்துக் கொத்தாக வெளியே வந்து விழுந்தன. அருவருப்பாகவும் இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது. கட்டிலை வெயிலில் நிறுத்திவிட்டுச் சமைக்கப் போனேன்.

பொழுது சாய்ந்துதான் வருகிற மனுஷர், அன்றைக்குக் கமலைக் கயிறு அறுந்துபோனதால் உச்சிப்பொழுதிலேயே வந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை. கொல்லைப் பக்கம் போனவர், வெயிலில் நின்ற கட்டிலைத் தூக்கி வேப்பமர நிழலில் போட்டார். துண்டை உதறித் தலைக்கு வைத்தார். நான் அடுப்பங்கரைக் கதவில் நின்று பார்க்கிறேன். எனக்குப் பதறுகிறது.

கன்றுக்குட்டியைப் பார்த்து, "கட்டிலு ஈரமா இருக்கு. இன்னும் காயலை" என்றேன்.

அவர் வேப்பமரத்தைப் பார்த்து, "வெயிலுக்கு ஈரம் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, வெற்று முதுகோடு படுத்துவிட்டார்.

இரண்டு அடி முன்னால் போய், "மாமா, அது விஷம், எந்திரிங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு வார்த்தை. எனக்கு வாய் வரவில்லை. மகன் சொல்லியிருப்பார், சொல்லியும் படுக்கிறார் என்றால் அவருக்குத் தெரியாதா என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கன்றிடம் சொல்லியாகிவிட்டது, என் கடமை தீர்ந்தது என்று உள்ளே போய்ப் பருப்பைக் கடைந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அரைமணி நேரம் இருக்கும். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டிலின் ஓரத்தில் தலை தொங்கிக் கிடக்கிறார். முகம் வெளுத்துச் சுண்ணாம்பாக இருக்கிறது. வேர்வை ஆறாக ஓடுகிறது. எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியவில்லை. கண் நிலைகொள்ளவில்லை.

"மாமா!" என்று கத்தினேன். கதவும் போயிற்று, கன்றும் போயிற்று. கையைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார வைத்தேன். மாட்டுத் தொட்டியிலிருந்து குடம் குடமாக மொண்டு தலையிலும் முதுகிலும் ஊற்றினேன். சீயக்காய்த் தூளை அள்ளி முதுகு, தோள், கை எல்லாம் தேய்த்து, மறுபடி ஊற்றினேன். கயிற்றின் அச்சு முதுகில் பழுப்பாகப் பதிந்திருந்தது. அது போகிறவரை விடவில்லை. கை தேய்க்கிறது, வாய் அது பாட்டுக்குப் புலம்புகிறது: "நேத்தே சொன்னேனே மாமா, உங்க மகன்கிட்ட நேத்து ராத்திரியே சொல்லச் சொன்னேனே, சொல்லலையா, சொல்லலையா?" அவர் கண்ணை மூடியபடி இருந்தார். கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை.

தலை நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். புது மருமகள் மாமனாரின் வெற்று முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு வருஷத்துக்குப் பேச்சுக் கிடைத்துவிட்டது.

பொழுது சாயும்போது மாமனாருக்குத் தெளிந்தது. வைத்தியர் வந்து நாடி பார்த்து, கழுவினது நல்லது, பயமில்லை என்று சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். அதற்குள் சந்தையிலிருந்து வருகிற வழியிலேயே அத்தைக்குச் செய்தி போய்விட்டது. தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தார்.

"என் தாலிக்கே உலை வச்சிருப்பாளே! கரப்பானுக்கு வச்சா, எறும்புக்கு வச்சா, கடைசியில என் வீட்டு ஆம்பளைக்கே வச்சுட்டாளே! ஏண்டி, கட்டில்ல விஷத்த ஊத்துனா அத ஒரு ஆளுகிட்டச் சொல்லித் தொலைக்க மாட்டியா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சொல்ல மறந்துவிட்டார் என்பது அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. 'நான் மறந்துட்டேன் அம்மா' என்று இதோ சொல்வார், இதோ சொல்வார் என்று நின்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நானாகச் சொல்லியிருக்கலாம். கட்டிய புருஷனை மாமியார் முன்னால் காட்டிக்கொடுக்க அந்த வயசில் எனக்கு மனசு துணியவில்லை. ஆனால் மனசுக்குள் அவரைத் திட்டாத திட்டுக் கிடையாது.

"இனிமே அடுப்பங்கரைப் பக்கம் வராத. உன் கையால ஆக்குனத எங்க தொண்டையில எப்படி எறக்குறது?" என்றார் அத்தை. எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு வலித்தது. நான் ஆக்கிய சோற்றை மாட்டுக்குக் கொட்டிவிட்டுப் புதிதாக உலை வைத்தார். மறுநாள் காலை திண்டுக்கல்லுக்குப் போகிற ஒருவரிடம், 'உங்க மகளை வந்து கூட்டிட்டுப் போங்க' என்று என் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் செய்ய முடிந்ததைச் செய்தேன். அந்தக் கட்டிலை வியாழக்கிழமை சாயங்காலமே ஐந்து தடவை அலசினேன். வெள்ளிக்கிழமை காலை வெயிலில் காய்ந்த பிறகு இன்னும் இரண்டு தடவை அலசிக் காயவைத்தேன். சாயங்காலம் மாமனார் வந்து, அதைத் தொட்டுப் பார்த்து, தூக்கி உள்ளே கொண்டுபோய் அதிலேயே படுத்தார். அத்தை கத்தினார். அவர் கேட்கவில்லை. எனக்கு உயிரே இல்லை. அன்று ராத்திரி முழுக்க அவருடைய குறட்டையை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

சனிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் அப்பா வந்தார். ஒரு தார் வாழைப்பழம் கையில். வாசலிலேயே தயங்கி நின்றார். என் கல்யாணப் பெட்டியை அத்தை காலையிலேயே வாசற்படி ஓரமாகக் கொண்டுவந்து வைத்திருந்தார். அப்பாவின் கண் முதலில் பெட்டியில்தான் பட்டது. வாழைத்தாரை அதன் பக்கத்திலேயே இறக்கி வைத்ததை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

"தப்பு என்னோடதுதாங்க சம்பந்தி. அந்தக் காம்பை நான் கொண்டுவந்து குடுத்திருக்கக் கூடாது. சின்னப் புள்ள. மன்னிச்சிருங்க" என்றார். தலைக்கு மேலே கை கூப்பினார். என் அப்பா அப்படி நின்று நான் பார்த்ததில்லை. ஏன் பிறந்தோம் என்று இருந்தது.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்பாவைக் கைகாட்டி உட்காரச் சொன்னார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"ஏலே, இங்க வா. கட்டில்ல படுக்க வேணாம்னு எங்கிட்டச் சொல்லச் சொல்லி, இந்தப் புள்ள உங்கிட்டச் சொன்னாளா இல்லையா?"

என் வீட்டுக்காரர் வாசற்படியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு, "சொன்னாப்பா" என்றார்.

"நீ எங்கிட்டச் சொன்னியா?"

"மறந்துட்டேன்."

"தண்ணி ஊத்துறப்ப இந்தப் புள்ள பொலம்புனது எனக்கு அம்புட்டும் காதுல விழுந்துச்சு. ரெண்டு நாளா பாத்துக்கிட்டே இருக்கேன், நீயா வாயத் திறப்பேன்னு. உன் அம்மா சோத்த மாட்டுக்குக் கொட்டுறா, நீ பாத்துக்கிட்டு நிக்கிற. பெட்டிய வெளிய வைக்கிறா, பாத்துக்கிட்டு நிக்கிற. மறந்தது தப்பில்லலே. இது தப்பு."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமனார் அவர் பக்கம் திரும்பினார். "முதுகத் தொட்டுத் தேச்சான்னு ஊரு பேசுதுன்னு சொல்லுவ. தொடாம, வெக்கப்பட்டுக் கதவுக்குப் பின்னாலயே நின்னுருந்தா, நீ சந்தையில இருந்து மாலை வாங்கிட்டு வந்திருக்கணும்." கட்டில் கயிற்றைத் தடவிக்கொண்டே, "நேத்து ராத்திரி ஒரு கடி இல்ல. எத்தனை வருசம் ஆச்சு தெரியுமா, நான் முழுசாத் தூங்கி?" என்றார்.

என் வீட்டுக்காரர் போய்ப் பெட்டியைத் தூக்கினார். கண் நிறைந்திருந்தது. என்னைக் கடந்து உள்ளே போகும்போது, "மன்னிச்சிரு" என்று மெல்லச் சொன்னார். அத்தை முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, அப்பா இறக்கி வைத்த வாழைத்தாரை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

மாமனார் வேப்பமரத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்து, கதவுக்குப் பின்னால் நின்ற என்னையே பார்த்துச் சொன்னார்.

"ஏத்தா, அடுப்பங்கரைக்குப் போயி சோறாக்கு. உங்கப்பாவுக்கு எலையப் போடு. எனக்கும் போடு."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, "சரி மாமா" என்றேன்.